கேள்வியில் சேராத பசி

எழுபதுகளின் முற்பகுதியில் மாத்தளையில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பகல் உணவு பெரும்பாலும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும்தான். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் என் கணவரும் என் அண்ணனும் விவாதத்தைத் தொடங்கிவிடுவார்கள். கணவர் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுநராக இருந்தார். அண்ணன் கடைவீதியில் பலசரக்குக் கடை நடத்தினார். ஒருவர் அரசை நம்பினார், மற்றவர் சந்தையை நம்பினார். ஒருவர்மீது ஒருவருக்கு மிகுந்த பிரியம் இருந்ததால் எந்த ஞாயிறும் அந்த விவாதம் முடிவுக்கு வரவில்லை.

"மாப்ள, மாவையும் புடிச்சு வச்சுக்கிட்டீங்க, சீனியையும் புடிச்சு வச்சுக்கிட்டீங்க. கதவத் தொறந்துவிட்டுட்டு நீங்கபாட்டுக்குக் கச்சேரியில தூங்குங்க. சாமான் தன்னால வரும், வெலையும் தன்னால எறங்கும்," என்பார் அண்ணன்.

"தன்னால எறங்கின வெலைய நான் இன்னும் கண்ணால பாக்கல மச்சான். ஒங்க கடையில செத்தல் மொளகா எந்த மூட்டைக்குப் பின்னால இருக்குன்னு சொல்லுங்க, அங்க வந்து பாக்குறேன்."

"இருந்தாத்தானே ஒளிக்கிறதுக்கு? எந்தங்கச்சி சம்பலுக்கே பச்ச மொளகாதான் போட்டிருக்கு. ஒங்க நாக்கும் கவர்மெண்டு நாக்கா போச்சா?"

காய்ந்த செத்தல் மிளகாய் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசு நிறுத்தியிருந்த காலம் அது. அதனால் அண்ணனுடைய வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் பல்லேகமப் பக்கத்தில் மிளகாய் பயிரிட்டவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாக நிமிர்ந்து நின்றார்கள். வேலைநிமித்தம் அங்கே போய்வரும் கணவர், அவர்களில் ஒருவர் வீட்டுக் கூரைக்குப் புதிதாக ஓடு வேய்ந்ததைப் பலமுறை எங்களுக்கு வருணித்திருக்கிறார். அண்ணனோ பேக்கரிகளின் முன்னால் பாண் வரிசையில் விடியற்காலையிலிருந்து நிற்கும் சனங்களை வருணிப்பார். இரண்டும் உண்மை. என் சிரமம் அங்கேதான் தொடங்கியது.

நான் பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பித்தேன். இவர்கள் மரவள்ளிக்கிழங்கை முன்வைத்து வாதாடியதன் பெரிய வடிவம் எனக்குப் பாடமாகவே இருந்தது. மந்தமான காலத்தில் மக்களின் கையில் பணம் இல்லாவிட்டால் தொழில்கள் நின்றுபோகும், ஆகவே அரசு கடன்பட்டேனும் செலவழித்து வேலை கொடுக்க வேண்டும் என்று போருக்கு முன்பே ஆங்கிலப் பொருளியலாளர் ஒருவர் எழுதியிருந்தார். அரசு கை வைத்தால் விலைகள் பொய் சொல்லத் தொடங்கும், அவற்றைத் தம்போக்கில் விட்டால்தான் எந்தப் பண்டம் எங்கே குறைகிறது என்பது தெரியவரும் என்று எதிரணியினர் எழுதினார்கள். ஆங்கில நூல்களிலிருந்து இரண்டையும் தமிழாக்கி, குறிப்புகளாக எழுதி, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கிக் கற்பித்தேன். அந்தப் பொறுமையை அப்போது நடுநிலை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் நாட்டுப் பாடநூல்களில் கையில் காசோடு ஒரு பண்டத்தை வாங்க முன்வருவதற்குக் 'கேள்வி' என்று பெயர். இந்தியப் பாடநூல்களில் இதைத் 'தேவை' என்பார்கள். எங்கள் மாணவிகள் முதல் வாரம் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் பழகிவிடுவார்கள். எனக்கும் அது நன்றாகப் பழகிப்போயிருந்தது.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அந்தக் காலத்தில் ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். என் மகன் பிறந்தபோது மாத்தளை ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் அவளும் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். எனக்குப் பால் சுரக்கத் தாமதமானது. முதல் இரண்டு நாளும் என் மகனுக்குத் தன் பாலைக் கொடுத்தவள் அவள்தான். அதற்கு நான் நன்றி சொன்னபோது, "இது ஊறிக்கிட்டே இருக்கிறதுதானேங்க," என்றாள். அதன் பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் ஒரு கட்டு வல்லாரையோடு வந்து, படிக்க வேண்டிய கடிதங்களை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள்.

தட்டுப்பாடு முற்றிய அந்த வருடம் அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி அவளுடைய குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு எப்போதோ வந்துவிட்டது. இன்னும் ஒரு தவணை இங்கே தங்க அனுமதி கேட்டு எழுதலாம். அல்லது புறப்படும் நாளைக் கேட்டு எழுதலாம். முன்பு வந்த தவணைகளில் எல்லாம் தங்குவதற்கே எழுதச் சொன்னாள், நானும் எழுதினேன். இந்தத் தடவை அவள் தடுமாறினாள். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் மூன்று வேளையும் ரொட்டிதான். இப்போது கோதுமை மாவே இல்லை. பங்கீட்டுக் கூப்பன் அரிசியும் குறைந்துவிட்டது. ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்பார்கள். வாரத்தில் மூன்று பேர் விழுந்தாலே பெரிது என்றாள். மூன்று பிள்ளைகளில் சின்னவளுக்குக் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

"இருக்க எழுதுறதா, போக எழுதுறதா டீச்சர்? இங்க இருந்தா சின்னவ தாங்குவாளா? அங்க போனா எங்களுக்கு யாரத் தெரியும்?"

"கொஞ்சம் பொறுங்க. மாவு வரும்," என்றேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

அவளைச் சமையலறைப் படியில் உட்காரவைத்துக் கிழங்கும் சம்பலும் கொடுத்தேன். முன்னறையில் வழக்கமான விவாதம் முற்றி, அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா, நீயே தீர்ப்பச் சொல்லு. நீதானே புஸ்தகம் படிச்ச ஆளு."

நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன். "ரெண்டு பேருமே விக்கிறதுக்கு ஏதாச்சும் வச்சிருக்கிறவங்களப் பத்தித்தான் பேசுறீங்க. எல்கடுவயில இருக்கிறவங்களுக்கு மொளகா போட நெலமும் இல்ல, சாமான் வாங்கக் காசும் இல்ல. அவங்களுக்குப் பசி இருக்கு, ஆனா கேள்வி கெடையாது. அண்ணன் கதவத் தொறந்தாலும் சாமான் அந்த மலைக்கு ஏறாது. இவரு விவசாயிக்கு நல்ல வெல குடுத்தாலும் அது அங்க போய்ச் சேராது."

 அண்ணன், "மாப்ள, ரெண்டு பேரையும் வகுப்புக்கு வெளிய நிக்க வச்சுட்டா," என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் வகுப்பில் மீண்டும் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினேன். அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரரையும் ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வாறேங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தபோது தாள் அவளிடம் இல்லை. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரைக் கொண்டு எழுதி அனுப்பியாகிவிட்டது என்றாள்.

"போறதுக்கா?" என்றேன்.

"போறதுக்குத்தாங்க."

"ஏன், நான் பொறுக்கச் சொன்னேனே."

"நீங்கதான டீச்சர் அன்னைக்கு ஐயாமாருகிட்ட சொன்னீங்க, எங்களுக்குப் பசிதான் இருக்கு, கேள்வி கெடையாதுன்னு. அத அப்படியே வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். படிச்ச டீச்சரே சொல்லிட்டாங்க, கேக்கிறதுக்கு ஆளில்லாத எடத்துல எதுக்குக் கெடக்கணும்னு சொல்லிட்டாரு."

லயத்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ஒருவர் அடிபட்டுக் கிடந்தாலும் துரையோ கங்காணியோ வந்து விசாரிக்கவில்லை என்றால், கேள்வி கிடையாது என்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தினமும் அதே சொல்லை வேறு பொருளில் சொல்லிச் சொல்லி, அவள் காதால் அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

"அது வேற கேள்வி. பாடத்துல வர்ற சொல்லு," என்றேன். "கையில காசு இருந்தாத்தான் ஒரு சாமான வாங்க முடியும். காசில்லாதவங்களோட தேவை அந்தக் கணக்குல வராது. அவ்வளவுதான் அர்த்தம்."

அவள் நான் சொன்னதை அக்கறையோடு யோசித்தாள். என்னைக் குற்றம் சொல்லும் எண்ணம் அவள் முகத்தில் துளியும் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்றாள்.

 இன்றுவரை அந்த இரண்டு பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தை என்னால் அவளுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

அன்று மாலை இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். கணவர், விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்க வழியுண்டா என்று தெரிந்தவர்களிடம் விசாரிப்பதாகச் சொன்னார். தனக்கென்று எவரிடமும் ஒரு சலுகை கேட்காத மனிதர் அவர். அண்ணன் எழுந்து போய், எங்கிருந்தோ ஒரு சிறிய பை மாவு கொண்டுவந்து கொடுத்தார். எங்கிருந்து என்று கணவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறு வாரம் அவள் வந்தபோது அந்தப் பையைக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று நான் கேட்டபோது மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டாள். "வீட்டுக்காரரு மனசு வுட்டுட்டாருங்க. இந்தப் பை முடிஞ்சா அடுத்த பைக்கு நான் யாருகிட்ட போவேன்?"

நாள் வந்தது. மாத்தளை ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு அவர்களோடு இன்னும் சில குடும்பங்கள் நின்றன. எல்லாரிடமும் தகரப் பெட்டிகளும், கயிற்றால் கட்டிய பாய்களும். சின்னவள் அவள் இடுப்பில் இருந்தாள், அழவில்லை. நான் அந்த வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்தேன். விரல் அழுத்திய இடம் உடனே மேலெழும்பவில்லை.

"அங்க மாவு கெடைக்கும்ல டீச்சர்?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். இந்த முறை பொறுக்கச் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழிந்து, ஆட்சி மாறிக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். அண்ணனின் கடையில் மூட்டைகள் வாசல்வரை வந்தன. பல்லேகமவில் மிளகாய்ச் சாக்குகள் விலைபோகாமல் கிடக்கின்றன என்று கணவர் சொல்லத் தொடங்கினார். விவாதம் ஞாயிறுகளில் தொடர்ந்தது. ஆனால் என்னைத் தீர்ப்புச் சொல்ல எவரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

அந்த வருடத்தில்தான் அவளிடமிருந்து கடிதம் வந்தது. நீலகிரிப் பக்கத்திலிருந்து, வேறு யாரோ எழுதிக்கொடுத்தது. ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மூத்தவன் கட்டட வேலைக்குப் போகிறான். இரண்டாவது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். என் மகனின் உயரத்தைக் கேட்டிருந்தாள். சின்னவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசியில், "அங்கே இப்போது மாவு தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்கச் சொன்னார்," என்றிருந்தது.

பதில் எழுத எனக்கு மூன்று வாரம் சென்றது. கிடைக்கவில்லை என்று எழுதினால் அவர்கள் புறப்பட்டது சரியென்று ஆகிவிடும். அந்த ஆறுதலை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். கணவரும் அப்படித்தான் எழுதச் சொன்னார். ஆனால் என் வாய்ச்சொல்லை நம்பி ஒருமுறை கடல் கடந்தவர்களுக்கு இன்னொரு முறை தவறான சொல்லை அனுப்ப மனம் வரவில்லை. மாவு கிடைக்கிறது என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, சின்னவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. அடுத்த வருடம் மீண்டும் எழுதினேன். அதில் மாவைப் பற்றி ஒன்றும் இல்லை. சின்னவளைப் பற்றி மட்டும் கேட்டிருந்தேன்.