தைத்துவிட்டுப் போகும் கள்ளன்

சல்லி என்ற மீன்பிடி ஊரின் கரையில் ஒரு கள்ளன் புகுந்துவிட்டான் என்று கதை. மத்தியானம், ஆண்கள் சோறு தின்று படுக்கிற நேரம் பார்த்து வந்து, காயப்போட்ட வலையில் உள்ளங்கையளவு துண்டை வெட்டி எடுக்கிறானாம். அத்தோடு போனாலாவது கள்ளன் என்று சொல்லலாம். இவனோ வெட்டின இடத்தைப் புது நூலால் தைத்தும் வைத்துவிட்டுப் போகிறானாம். கதை பக்கத்து ஊரான சாம்பல்தீவுக்குப் போனபோது கள்ளனுக்குக் கால் இருக்கவில்லை. நிலாவெளி போய்த் திரும்பியபோது அவன் கடலில் செத்த ஒரு கன்னிப்பெண்ணாகி, வெள்ளைச் சீலையும் உடுத்தியிருந்தான்.

"வலைக்குச் சூனியம் வைக்கிறாங்கள், அண்ணை," என்றான் சிவகுரு. அவனுக்கு மூன்று கிழமையாக மீன் படவில்லை. அதற்கு முந்தின மூன்று வருடமும் பெரிதாக ஒன்றும் படவில்லை என்பது வேறு விசயம்.

மீனவர் சங்கச் செயலாளர் தவராசா, கள்ளனைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்தார். மறுநாள் மத்தியானமே கவிழ்த்துவைத்த தோணிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். தோணி அவருடைய வயிற்றை முழுதாக மறைக்கவில்லை. ஆனாலும் கள்ளன் வந்தான்.

வந்தது சிவரூபி, செத்துப்போன சாரங்கனின் பெண்சாதி.

சாரங்கன் அந்தக் கரையில் எல்லோருடைய கிழிந்த வலையையும் பொத்திக் கொடுத்தவன். இடக்கைக்காரன். அவன் போட்ட முடிச்சு மற்றவர்களின் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கும். கூலி வாங்கமாட்டான். பொத்தின வலையில் முதல் படுகிற மீனில் ஒரு கறிக்கு அவன் வீட்டுக்குப் போகவேண்டும், அதுதான் வழக்கம். போன மாசியில் ஒரு பின்னேரம் தவராசாவின் வலையைப் பொத்தி முடித்து, ஊசியைக் கூரையில் செருகிவிட்டுப் படுத்தவன் விடிய எழும்பவில்லை.

சிவரூபி கத்தரிக்கோலை வைத்த இடத்தைத் தவராசா எட்டிப் பார்த்தார். முடிச்சுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தன. கத்தத் திறந்த வாயை மூடிக்கொண்டு எழும்பினார்.

"என்ன பிள்ளை இது?"

"வயிறு தெரிஞ்சது அண்ணை. சிவகுரு அண்ணை படுத்திருக்கிறார் எண்டு நினைச்சிட்டன்."

"அவனுக்கு ஏது இவ்வளவு?" என்றார் தவராசா, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

சிரிக்கப்போன சிவரூபி அழுதாள். பிறகு சொன்னாள்.

மகள் நிரோஜினியை வெருகலில் கட்டிக் கொடுத்திருந்தது. இப்போது ஏழு மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க ஆசை. சனசமூக நிலையத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா கைவேலை பழக்கினார். சோடாப் போத்தலில் அன்னம். சல்லியில் இன்று வீட்டுக்கு மூன்று அன்னம் நிற்கிறது, தண்ணீர் அள்ளி வைக்கத்தான் ஒரு போத்தலும் இல்லை. கடைசி நாள் அந்த அம்மா, "உங்களைச் சுற்றிப் பாருங்கள், யோசனை தானாக வரும்," என்றார். எல்லோரும் சுற்றிப் பார்த்துவிட்டு இன்னொரு அன்னம் செய்தார்கள். சிவரூபி வெளியே வந்து கரையைப் பார்த்தாள். காய்ந்த வலையிலெல்லாம் சாரங்கன் இருந்தான்.

"பேரப்பிள்ளைக்கு அவர்ர கையால ஒண்டு வேணும் அண்ணை. நல்லதா ஒரு படம்கூட இல்லை. அடையாள அட்டையில இருக்கிறது ஆரோ களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி."

பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். வலைத்துண்டுகளை இணைத்துக் கட்டின ஒரு பந்து, உள்ளே கரையில் பொறுக்கின சோகிச் சிப்பிகள். பிள்ளை படுக்கிற ஏணைக்கு மேலே தொங்கவிட. ஆட்டினால் கலகலத்தது. கீழே ஒரு துண்டளவு வாய் மூடாமல் கிடந்தது. சோகி கொட்டிவிடாமல் விரலால் மறித்துப் பிடித்திருந்தாள்.

"கேட்டிருந்தா ஆர் தரமாட்டன் எண்டிருப்பான்?"

"தந்திருப்பீங்கள். பிறகு என்னைப் பாக்கிற நேரமெல்லாம் பாவம் எண்டு ஒரு முகம் வைச்சிருப்பீங்கள். அது ஏலாது அண்ணை."

அப்படியொரு முகத்தைத்தான் தவராசா அந்த நேரம் வைத்திருந்தார். அவசரமாக மாற்றிக்கொண்டார்.

"ஒரு துண்டுதானே குறையுது? என்ர வலையில பெரிசா இருக்கு. வெட்டு."

"உங்கட வலையில கை வைக்கமாட்டன். நீங்கள் கறிமீன் தரேல்லை."

தவராசாவின் காது சிவந்தது. செத்தவீட்டுக்கு மீன் கொண்டுபோகக் கூடாதென்று முப்பத்தோராம் நாள் வரை பொறுத்திருந்தார். பிறகு, இவ்வளவு நாள் பிந்தி எந்த முகத்தோடு போவது என்று வெட்கப்பட்டார். வெட்கத்துக்கு ஒரு வருடமாகிவிட்டது.

"நாளைக்குப் பெரிய பாரைமீனா ஒண்டு கொண்டாறன். அதுக்குப் பிறகு வெட்டு."

"வேண்டாம் அண்ணை." அவள் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். "கறிமீன் வந்தாத்தான் வேலை முடிஞ்ச மாதிரி. மற்ற வலைக்கெல்லாம் வந்து முடிஞ்சுது. உங்கட வலையில மட்டும் அவர் இன்னும் முடிக்கேல்லை. தந்து முடிச்சுப் போடாதேங்கோ."

பந்தின் வாயைப் புது நூலால் அவளே கட்டி மூடினாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் முடிச்சுகள் மறுபக்கம் சாய்ந்தன.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தவராசா எழும்பி, கள்ளன் கடலில் செத்த கன்னிப்பெண்தான் என்றும், வெள்ளைச் சீலையைத் தன் கண்ணாலேயே கண்டதாகவும் இனி வரமாட்டாள் என்றும் அறிவித்தார். சிவகுருவுக்குப் பெரிய சந்தோசம்.

தவராசாவின் வலையில் இப்போதெல்லாம் பாரை படுகிறது. நல்லதாக ஒன்றை ஒதுக்கி, சிவரூபி வீட்டு வேலிவரைக்கும் கொண்டுபோகிறார். குசினி அடுப்புப் புகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு மீனையும் கொண்டு திரும்பி வருகிறார்.