முருகம்மாளைக் கேட்டுவிட்டுக் கப்பல் ஏறு

நைரோபியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்த முருகம்மாளிடம் அந்த ஊரைப் பற்றி யாரும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டதில்லை. தாராவியில் அவள் சந்துக்காரர்கள் சிங்கம் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றாள். அதோடு அவர்களுக்கு ஆப்பிரிக்கா சலித்துவிட்டது.

நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பதினேழு வயதில் வெயிலுமுத்துவைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தாள். அவன் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தான். மூன்றாம் வருஷம் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளையில்லை. தம்பி இசக்கியின் குடிசையை ஒட்டி ஒரு தகரக் கூரை போட்டுக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டி மாட்டுங்காவில் வீட்டு வேலைக்குப் போனாள். அங்கேதான் சந்திரமௌலியின் குடும்பம் அவளுக்கு அமைந்தது. 1940-இல் சந்திரமௌலிக்கு நைரோபியில் ரயில்வே கணக்கு ஆபீஸில் உத்தியோகம் கிடைத்தது. அவர் மனைவி அபயாம்பாளுக்கோ பத்து மாத இரட்டைக் குழந்தைகள். "ரெண்டே வருஷந்தான், நீயும் வந்துடு" என்று அழைத்துப் போனாள். யுத்தம் முற்றியது, பெண்டு பிள்ளைகளுக்குக் கப்பலில் இடம் கிடைப்பது நின்றுபோனது. இரண்டு வருஷம் ஆறாகிவிட்டது.

திரும்பி வந்த பிறகும் முருகம்மாள் அதே வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள். 1948-ஆம் வருஷம் வைகாசியில் ஒருநாள் காலை, அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பெண் கையில் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தாள். பெயர் ருக்கு, பக்கத்துக் கட்டிடத்தில் இருப்பவள், இருபத்து மூன்று வயது. அவள் புருஷன் அனந்தநாராயணன் போன வருஷமே நைரோபிக்குப் போய்விட்டான். இப்போது அனுமதிப் பத்திரமும் டிக்கெட் பணமும் அனுப்பியிருந்தான். ஆனி மாதம் கப்பல்.

"மாமி, என்னெல்லாம் கொண்டுபோகணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் ருக்கு.

"எழுதிக்கோ. அம்மி குழவி முதல்ல. அப்பளம் ஐநூறு, வடாம் ஒரு டின். மெலிசுத் துணியாப் பாத்து எடுத்துக்கோ, ஆப்பிரிக்கா இல்லையோ. பாஷைக்குக் கவலைப்படாதே. லெத்தா மாஜின்னா தண்ணி கொண்டு வா. ஹராக்கான்னா சீக்கிரம். இவ்வளவு தெரிஞ்சாப் போறும்."

பின்கட்டில் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்த முருகம்மாளுக்குக் கை நின்றுவிட்டது. கேட்காத இடத்தில் வாய் திறப்பவளல்ல அவள். ஆனாலும் வார்த்தை வந்துவிட்டது.

"அம்மி வேண்டாம்மா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அபயாம்பாளின் முகம் சுருங்கியது. ருக்குதான், "ஏன் வேண்டாம்?" என்றாள்.

"மொம்பாசாவில நம்ம அம்மிய நாலு பேரு தூக்கி எறக்குனாவ. கட்டுக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்குன்னு சுங்கத்துல அவுத்து அவுத்துப் பாத்தாவ. நைரோபிக்குப் போனா, ஊரே கல்லாக் கெடக்கு. குஜராத்திக் கொத்தன்மாரு கேட்ட மாதிரிக் கொத்திக் குடுப்பாவ. அப்புறம் மெலிசுத் துணின்னு அம்மா சொன்னாவ. ஆனி ஆடியில அங்கன பல்லு கிட்டிக்கும். பிள்ளையள ரெண்டு மாசம் என் சீலைக்குள்ள வச்சுத்தான் காப்பாத்துனேன்."

அபயாம்பாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "வாஸ்தவந்தான். குளிர்ல விறைச்சுப் போனோம். அந்த அம்மி இன்னமும் நைரோபியிலதான் கெடக்கு. இதோ பாரு ருக்கு, நான் ஆறு வருஷமும் ஆத்த விட்டு வெளியில போனதே இல்ல. கடைத்தெருவுக்கெல்லாம் போனவ இவதான். இவகிட்டக் கேக்கணும்னு நேக்குத் தோணவே இல்லை பாரேன்."

அதற்குள் அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது. முருகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம், அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று ஒரு பக்கமும், சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருக்கிறதே என்று இன்னொரு பக்கமுமாக மனம் அலைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பிற்பகலில் ருக்கு குடையும் சேறு படிந்த புடவைக் கரையுமாகத் தாராவிக்கே வந்துவிட்டாள். நாலு இடத்தில் விசாரித்து வந்திருக்கிறாள். முருகம்மாள் பதறிப்போய்த் தகரப் பெட்டியைத் துடைத்துப் போட்டாள். ருக்கு உட்கார்ந்தாள், நோட்டைப் பிரித்தாள், பிறகு மூடிவிட்டாள்.

"பயமா இருக்கு முருகம்மா. ஆத்துல சொன்னா, ஆம்படையான்கிட்டப் போறதுக்கு என்ன பயம்ங்கறா."

"எதுக்குன்னு பயம்?"

"அவர் ஆபீஸ் போயிடுவார். நான் தனியா இருக்கணும். கடைக்குப் போனா என்ன பேசறது, எவன் ஏமாத்துவான், ஒண்ணுந் தெரியாது."

முருகம்மாள் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "மொதல்ல, அம்மா சொல்லிக் குடுத்த பேச்ச மறந்துருங்க. லெத்தா, ஹராக்கா, இதெல்லாம் அதிகாரம் பண்ணுத பேச்சு. கடையில போயிப் பேசுனா எந்தப் பொம்பளையும் மொகங்குடுத்துப் பேச மாட்டா. போன ஒடனே சாமான் கேக்கப்படாது. ஜாம்போ மாமாங்கணும். ஜாம்போன்னா கும்பிடுதேன், மாமான்னா அங்கன அம்மா. ஹபாரின்னு சொகம் விசாரிக்கணும். பிள்ளைய எப்படி இருக்கு, மழை பெஞ்சுதான்னு கேட்டுட்டு, அப்புறந்தான் பே கானி."

"பேயா?"

"பேய்தான். பேன்னா அங்கன வெல. பே கானின்னா என்ன வெலன்னு அர்த்தம். மொத நா கேட்டப்ப நானும் பயந்துட்டேன்."

ருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். நோட்டு மறுபடி திறந்தது.

வன்ஜிரு என்ற காய்கறிக்காரியைப் பற்றி முருகம்மாள் சொன்னாள். போய்ச் சேர்ந்த புதிதில் அவளிடம் கீரை கேட்டபோது, "நாளைக்கு மூணு மணிக்கு வா" என்றாளாம். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் கடையில் ஈ காக்கை இல்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் விளங்கியது.

"அங்கன பொழுது விடிஞ்சதுலேருந்து மணி எண்ணுவாவ. நமக்குக் காலைல ஏழு மணின்னா அவியளுக்கு ஒரு மணி. மூணு மணின்னா நம்ம ஒம்பது மணி. யாராவது மணி சொன்னா, எந்த மணின்னு கேட்டுக்கிடணும்."

"பஞ்சாங்கத்துல நாழிகை மாதிரின்னு சொல்லு. அதுவும் சூர்யோதயத்துலேர்ந்துதானே?" என்றாள் ருக்கு. எழுதும்போது அவள் முகத்தில் பயம் பாதி குறைந்திருந்தது.

பிறகு முருகம்மாள் வலது காலை நீட்டி, கட்டைவிரல் நகத்தோரம் இருந்த பழைய வடுவைக் காட்டினாள். "மண்ணுல ஒரு பூச்சி உண்டு. வெறுங்காலோட நடந்தா நகத்தடியில பூந்து முட்ட வச்சுரும். வலிக்கே தெரியாது, அரிப்புத்தான். வன்ஜிருதான் ஊசிய நெருப்புல காட்டி நோண்டி எடுத்தா. வீட்டு முத்தத்துக்குக்கூடச் செருப்பில்லாமப் போவாதிய."

ருக்கு தன் காலைப் பார்த்தாள். பிறந்த ஊரான பாலக்காட்டிலும் மாட்டுங்காவிலும் அவள் செருப்புப் போட்டதே அபூர்வம். முருகம்மாள் யோசிக்கவில்லை. குடையை வாங்கிக்கொண்டு அவளை அடுத்த சந்துக்கு அழைத்துப் போனாள். பூதத்தான் என்பவர் அங்கே ஜோடு தைத்துக்கொண்டிருந்தார். பழைய பத்திரிகைத் தாளை விரித்து, ருக்குவை அதன்மேல் நிற்கச் சொல்லி, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். "விரலு மூடுன மாதிரி வேணும் அண்ணாச்சி, ஆப்பிரிக்காவுக்கு" என்றாள் முருகம்மாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்ப ரெட்டத் தையலாப் போட்டுருதேன்" என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் நாலைந்து தடவை சேர்ந்து அலைந்தார்கள். தாதரில் கம்பளிச் சால்வையும் கொசுவலையும் வாங்கினார்கள். அப்பளம் ஐநூறு நூறானது. கப்பலில் வாந்தி வந்தால் வாயில் போட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய் ஒரு ஜாடி சேர்ந்தது. அனுமதிப் பத்திரத்தை ருக்கு டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியிருந்தாள். முருகம்மாள் அதை எடுக்க வைத்தாள். "காயிதத்தக் காட்டுனாத்தான் கீழ எறங்க விடுவாவ. எறங்குனப்புறந்தான் பெட்டி வரும். பெட்டிக்குள்ள காயிதம் இருந்தா என்ன செய்வீய?" ருக்கு அதற்கென்றே ஒரு சுருக்குப்பை தைத்துக்கொண்டாள்.

அம்மை ஊசி போட்ட இடத்தில்தான் ஒரு கண்டம் வந்தது. கோட்டைப் பக்கம் ஒரு டாக்டர். ஒரே கூட்டம். ஊசி போட்டுக்கொண்டு, சர்டிபிகேட்டை வாங்கி மடித்துக்கொண்டு ருக்கு வெளியே வந்தாள். "காட்டுங்கம்மா" என்றாள் முருகம்மாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இதுல வட்டமா ஒரு முத்திர இருக்கணும். காணல."

"கையெழுத்து இருக்கே?"

"கையெழுத்து இருந்தாலும் முத்திர வேணும். எங்க கப்பல்ல அது இல்லாத ஒரு குடும்பத்த எறக்கி விட்டுட்டாவ. பொம்பள அழுத அழுக எனக்கு இன்னும் மறக்கல."

ருக்கு திரும்பிப் போகத் தயங்கினாள். முருகம்மாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் புகுந்து, பம்பாய் இந்தியில், "பாபுஜி, சிக்கா மாரோ" என்று முத்திரை கேட்டுக் குமாஸ்தாவின் மேஜைமுன் நின்றுவிட்டாள். அந்தக் குமாஸ்தா முதலில் கையை வீசி விரட்டினார். பிறகு தாளைப் பார்த்தார், தலையில் தட்டிக்கொண்டார், முத்திரையைக் குத்தினார். "பஹன்ஜி, நல்லவேளை" என்று இந்தியில் சொன்னார். வெளியே வரும்போது ருக்கு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

கப்பல் நாளன்று துறைமுகத்தில் ருக்குவைத் துணைக்கு வந்த குஜராத்திக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டு, முருகம்மாள் கடைசியாக ஒன்று சொன்னாள். "போறதுக்கு அம்ம ஊசி. திரும்பி வாறதுக்கு மஞ்சக் காய்ச்ச ஊசி. கப்பலுக்குப் பத்து நாளைக்கு முன்னாலயே போட்டுரணும். நாங்க லேட்டாப் போட்டு, இங்க வந்து எறங்க விடாம ஒரு வாரம் அடைச்சுப் போட்டாவ. பேறுகாலத்துக்கு வாறதா இருந்தா ஞாபகம் வச்சுக்கிடுங்க." பேறுகாலம் என்றதும் ருக்கு வெட்கப்பட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் புதுச் செருப்பு சத்தமிட வரிசையில் நகர்ந்தாள்.

ஆவணியில் அபயாம்பாளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் முருகம்மாளைக் கூடத்துக்கு அழைத்து, உட்காரச் சொல்லிப் படித்தாள். 'முருகம்மாளிடம் சொல்லுங்கோ. குளிர் அவள் சொன்னதைவிட அதிகம். செருப்பு காலைக் கடித்துவிட்டது, ஆனாலும் கழற்றவில்லை. மார்க்கெட்டில் வன்ஜிருவைத் தேடிக் கண்டுபிடித்தேன். முருகம்மாள் பேரைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டாள். கூடையில் நாலு வாழைப்பழம் அதிகமாகப் போட்டாள். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.'

முருகம்மாள், "பேரனா, எந்த மகளுக்கு?" என்று கேட்டாள். கடிதத்தில் அது இல்லை. "எழுதிக் கேப்போம்" என்றாள் அபயாம்பாள்.

விஷயம் மாட்டுங்காவில் பரவியது. அந்த வருஷம் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள் பலர். தாருஸ்ஸலாமுக்கு ஒரு வாத்தியார் மனைவி, கம்பாலாவுக்கு அக்கா தங்கை இருவர். எல்லோரும் அபயாம்பாள் வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். "கேக்கறதை முருகம்மாகிட்டக் கேளுங்கோ, நேக்கு அம்மிக் கதைதான் தெரியும்" என்று அபயாம்பாளே சொல்லிவிடுவாள். தாராவியிலும் ராபியா என்று ஒருத்தி, ஜான்ஜிபாரில் தையற்கடை வைத்திருக்கும் தன் புருஷனிடம் போகுமுன் முருகம்மாளைத் தேடி வந்தாள். ஜான்ஜிபாரைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று முருகம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். "பேச்சு ஒண்ணுதான். ஊரு தண்ணி எப்படின்னு நீ போயி எழுதுளா. அடுத்தாப்புல வாறவியளுக்கு ஆவும்" என்று அனுப்பினாள்.

தை மாதம் ருக்குவின் இன்னொரு கடிதம் வந்தது. அவளுக்கு ஐந்து மாதம். குஜராத்திகள் சேர்ந்து நடத்தும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு, இந்தியும் அந்த ஊர்ப் பாஷையான சுவாஹிலியும் பேசத் தெரிந்த ஆயா வேண்டுமாம். அனந்தநாராயணன் அவர்களிடம் முருகம்மாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவள் சம்மதித்தால் அனுமதிக்கு அவர்களே எழுதிப் போடுவார்கள். அபயாம்பாள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

இசக்கிக்கு இது பிடிக்கவில்லை. "ஒத்தையில அங்க எதுக்குக்கா? இங்கன சோறு இல்லாமலா போச்சு?"

"சோறு இருக்குடா. அங்கனயும் எனக்கு மனுசங்க இருக்காவல்லா" என்றாள் முருகம்மாள். அவன் வெகுநேரம் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க அவனே தாதருக்குக் கூட்டிப் போனான். முன்பு போனபோது அவளுக்குத் தனிப் பாஸ்போர்ட் கிடையாது. எஜமானரின் காகிதத்தில் 'ஒரு ஆயா' என்று மட்டும் இருந்ததாகச் சந்திரமௌலி ஒருமுறை சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை ஆபீஸில் அவளைப் பெயர் கேட்டார்கள். சொன்னாள். புருஷன் பெயர் கேட்டார்கள். வெயிலுமுத்து என்று அதையும் சொன்னாள். அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது. கையெழுத்துக்குக் கட்டைவிரலை உருட்டி வைத்தாள்.

1949 ஜூலையில் ஒருநாள் காலை முருகம்மாள் கப்பல் ஏறினாள். இசக்கியும் அவன் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். வீட்டைவிட்டு நகராத அபயாம்பாளும் டாக்ஸி பிடித்து வந்து, ஒரு வாழையிலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள்.

"தயிர் சாதம். நாளைக்கு வரைக்கும் தாங்கும். போய்ச் சேந்ததும் யாரையாவது விட்டு எழுதச் சொல்லு முருகம்மா."

"சொல்லுதேம்மா."

"நீ இல்லாம இங்கே கேக்க வர்றவாளுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"ருக்கம்மா எழுதி வச்ச நோட்டு அங்கன இருக்கு. அதப் பாத்து எழுதி அனுப்பச் சொல்லுதேன். நீங்க படிச்சுக் காட்டுங்க."

அபயாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கு ஊதியதும் மேல்தளத்தில் பாய் விரித்துப் போகும் பயணிகளுக்கான கதவைத் திறந்தார்கள். முதல் தடவை கப்பல் ஏறுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். முருகம்மாள் ஒரு தடவைதான் கையசைத்தாள். இயந்திரச் சூடும் அடுப்படிப் புகையும் வராத, மழைச்சாரல் எட்டாத இடம் தளத்தின் நடுவில் கொஞ்சந்தான் உண்டு, முந்துகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள்.