பிளாஸ்க்கில் வந்த ரத்தக்குழாய்

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எழுதி வந்து படிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நின்று பேச வராது. தனலட்சுமி அக்கா இருந்திருந்தால், "தாளக் கீழ வையி புள்ள, இவங்க என்ன கடிச்சா வெக்கப் போறாங்க" என்றிருப்பார்.

செய்தியைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். வேப்பந்தட்டையிலிருந்து வந்து இறங்கி, அரியலூர் பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல அவருக்கும் இடம் போட்டிருந்தேன். கண்டக்டர் அங்கிருந்த என் பையை எடுத்து என் மடியில் வைத்தார். "டீச்சர் நேத்து போயிட்டாங்கம்மா. பூலாம்பாடி கல்யாண வூட்ல." கல்லூரி வரும்வரை அந்த இடத்தில் அவர் யாரையும் உட்கார விடவில்லை.

கண்டக்டருக்கு அக்காவைப் பழக்கமாக்கியது ஒரு பிளாஸ்க். ஆட்டின் ரத்தக்குழாயைக் கறிக்கடையில் வாங்கி, ஐஸ் போட்ட உப்புக் கரைசலில் வைத்து அதில்தான் கொண்டுவருவார். ஒருநாள் கண்டக்டர், "காப்பியாங்க டீச்சர், எனக்கு ஒரு வாய் உண்டா?" என்றார். அக்கா மூடியைத் திறந்து காட்டினார்.

"இதையா காலங்காத்தால தூக்கிட்டுத் திரியிறீங்க?"

"உங்க ஒடம்புலயும் இதான் இருக்கு. பயப்படாம டிக்கெட்டக் கிழிங்க."

மறுநாளிலிருந்து பிளாஸ்க் டிரைவர் பக்கத்தில் பத்திரமாகப் பயணம் செய்தது.

எங்கள் கல்லூரி மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் அந்தக் குழாயைக் கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டு, அதன் நரம்புகளுக்கு லேசாக மின்சாரம் கொடுப்போம். நரம்பின் நுனி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். குழாய் இறுகும். அதோடு இணைத்த முள், சுழலும் புகை படிந்த தாளில் ஒரு மேடு வரையும். அதே நரம்பு நுனியில் ஏற்பிகளும் உண்டு. சுரந்தது போதும் என்று நரம்பை அடக்குபவை அவை. அவற்றை ஒரு மருந்தால் அடைத்த அன்று மேடு முன்னைவிட உயர்ந்தது. மருந்தை மாற்றிவிட்டேனோ என்று நான் பதறிப் பாட்டிலைத் தேடினேன்.

அக்கா சிரித்தார். "நரம்பு, தான் கொட்டுனதத் தானே தொட்டுப் பாக்கும் புள்ள. தொட்டுப் பாக்கற கைய நாம கட்டிப்புட்டோம். அது பாட்டுக்குக் கொட்டுது. மருந்தக் கழுவிட்டு மறுபடி பாரு."

அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு. அவர் சாப்பிட்ட மாத்திரையும் அதே வகை ஏற்பிகளைத் தூண்டி நரம்புகளை அடக்குவதுதான். அதனால் அவருக்கு வாய் உலரும், தூக்கம் வரும். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துவிடுவார். பூலாம்பாடிக்குப் போகுமுன், "கல்யாண வூட்ல தூங்கி விழுந்தா ஏசுவாளுவோ. ரெண்டு மூணு நாள்தான, வந்து போட்டுக்கறேன்" என்றார். நானும் சிரித்தேன். குவளையில் பார்த்ததை பஸ்ஸில் இருவருமே மறந்திருந்தோம். மாத்திரை திடீரென்று நின்றதும் நரம்புகள் மொத்தமாகக் கொட்டின, மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

துக்கம் கேட்க அக்காவின் வீட்டுக்குக் குரும்பலூர் போனேன். அக்காவின் உடன்பிறந்த பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மாத்தரதான் அவளக் கொன்னுச்சு. அதையேதான் நானும் திங்கிறேன். காரியம் முடியட்டும், கெணத்துல வீசிடறேன்."

"போயிட்டு வரேங்க" என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறேன். பஸ் நிற்குமுன் படிக்கு வந்துவிடுகிறேன்.

பிளாஸ்க் கல்லூரிக்குச் சொந்தம். அந்த உயர்ந்த மேடு வரைந்த தாளை நான் வைத்துக்கொண்டேன். "கழுவிட்டு மறுபடி பாரு" என்ற அவர் சொல்லும் என்னோடு இருக்கும்.

பெரியக்கா, முன்வரிசையில் இருக்கிறீர்கள். நாளை காரியம். அன்று சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன். மாத்திரையை ஒரேயடியாக விட்டதுதான் அக்காவைக் கொண்டுபோயிற்று. நீங்கள் நாளைக்கும் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும். அவரிடம் நானே கூட்டிப்போகிறேன். நாளை மறுநாள் காலை அரியலூர் பஸ்ஸில், அக்கா உட்காரும் இடத்தில் என் பையை வைத்திருப்பேன். வந்துவிடுங்கள்.