எனக்காக மாற்றிக்கொண்ட பேச்சு

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டொரொண்டோவின் டோர்செட் பார்க் பகுதியிலிருந்து கிளம்பினோம். தம்பியின் நண்பர் யோகன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது, டொரொண்டோவிலேயே பிறந்தவள், வாய் ஓயாது.

"மாமா, வெளிக்கிடுவமே? பஸ் வரப்போகுது!"

"என்னம்மா, மலையாளம் பேசுறே?" என்று சிரித்தேன். சென்னையில் தமிழ் வாத்தியாராக இருந்த நான் கேட்கிற கேள்வியா அது! யோகனும் சிரித்துவைத்தார். "வாங்க சார், போகலாம்" என்றார். வந்த நாள் முதல் அவர் என்னிடம் இப்படிச் சென்னைத் தமிழில்தான் பேசினார். "பிரமாதமா பேசுறீங்களே!" என்று என் பாராட்டு வேறு.

கென்னடி வரை பஸ், ஸ்பாடினா வரை சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம்தான். வழியில் ஆரணி ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

சைனாடவுனில் ஒரு நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தோம். கடைக்கார அம்மா தென்சீனத்து டொய்சான்காரர். பக்கத்து மேசை இளைஞர்களிடம் மாண்டரினில் திக்கித் திக்கி ஆர்டர் எடுத்தார். அவர் சொன்னதையே சொல்லிக்காட்டி அவர்கள் சிரித்தார்கள். எங்களிடம் வந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒரு காலத்தில் இந்தத் தெருவில் எங்கள் பேச்சுதான். இப்போது என் பேரனே அதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்கிறான்."

எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். பெய்ஜிங் பேச்சை ஒட்டி மாண்டரினைப் பொதுச்சீனமாக வகுத்ததையும், தோக்கியோ பேச்சை ஜப்பான் முழுக்கப் பள்ளிகளில் ஏற்றியதையும் விளக்கினேன். அங்கே ஒக்கினாவாத் தீவில் வீட்டுப் பேச்சைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக மரப்பலகையைத் தொங்கவிட்டார்களாம். "எவ்வளவு அநியாயம் பாருங்க!" என்றேன்.

ஆரணி தலை நிமிர்ந்தாள். "அப்பா ஏன் உங்களோட மட்டும் வேற மாதிரிக் கதைக்கிறார்? அவருக்கும் போர்ட் போட்டிருக்கோ?"

"சும்மா இரு பிள்ளை!" என்றார் யோகன். "சாருக்கு விளங்கோணுமெண்டுதான்."

நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அடச்சே, யார் நான், இவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்க? "மன்னிச்சுக்குங்க யோகன். நீங்க உங்க தமிழ்லயே பேசுங்க" என்றேன்.

"பரவாயில்ல சார்" என்றார், என் தமிழிலேயே.

மறுநாள் மாலை விமான நிலையம். "லீவுக்குச் சென்னைக்கு வர்றியாம்மா?" என்று ஆரணியிடம் கேட்டேன். "மே பி" என்றாள். "வருவா சார்" என்றார் யோகன்.

உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, மூச்சு விடாமல் எதையோ கதைத்துக்கொண்டு போனாள். யோகனும் வாய்விட்டுச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.