பதினெட்டு பேர் வண்டி

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சும்மா போக மாட்டேன், இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவேன். ஆம்பூர் பஸ் ஷெட்டில் விசாரித்துப் பாருங்கள் சார், கண்டக்டர் கோவிந்தசாமியா, அவன் சாமிக்குத் தேங்காய் உடைக்கவே யோசிப்பானே என்பார்கள். அப்படிப்பட்டவன் வாயால் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், சிரித்தால் சிரியுங்கள், நடுவில் மட்டும் குறுக்கே பேசாதீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும், கோபமும் வரும்.

பஸ் வந்த புதிதில் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு யார் வேண்டுமானாலும் வண்டி விடலாம். நேரம் காலம் கிடையாது, ஆள் நிறைந்தால் கிளம்ப வேண்டியது, பின்னால் இன்னொரு வண்டி வந்தால் போட்டி போட்டு ஓட்ட வேண்டியது, சில நாள் இரண்டும் பள்ளத்தில் கிடக்கும். பிறகு சர்க்கார் சட்டம் போட்டது. வண்டிக்கு லைசென்ஸ், இன்ன ரூட், இன்ன நேரம், இத்தனை தலை என்று கணக்கு. எங்கள் வண்டிக்குப் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ‘பிரயாணிகள் 18’ என்று எழுதியிருக்கும். பாதி வண்டிகள் நின்றேபோயின. காலை ஒன்பது மணி வண்டியை விட்டால் அடுத்தது மத்தியானம்தான்.

வண்டி குறைந்தது, ஜனம் குறையவில்லையே? அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பள்ளிகொண்டா தாண்டி ரோட்டோரம் ஒரு பழைய சாவடி இருக்கும், மோட்டார் இன்ஸ்பெக்டர் அங்கேதான் நின்று தலை எண்ணுவார். அதற்கு அரை மைல் முன்னாலேயே வண்டியை நிறுத்தி அதிகப்படி ஆட்களை இறக்கிவிடுவோம். அவர்கள் ரோட்டை விட்டு விலகி, ஒரு தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பின்னால், தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழிகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்து, சாவடிக்கு அப்பால் ஒரு மைல்கல் அருகே வந்து நிற்பார்கள். செக்கிங் முடிந்து வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும். ஜனங்களுக்கும் இது பழகிவிட்டது, நான் கையைக் காட்டினால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பெண்கள், கிழவர்கள், பெரிய மனிதர்கள் தவிர யாரை இறக்குவது என்பது கண்டக்டர் இஷ்டம்.

நான் ஏற்கெனவே இரண்டு தடவை பிடிபட்டவன். மூன்றாவது தடவை மாட்டினால் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த பேட்ஜ்தான் எனக்குச் சோறு.

அன்றைக்குக் காலையில் வண்டி நிற்கிற இடத்துக்கு நான் வரும்போதே ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். யூசுப் என்று பேர், ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை, முப்பது வயசு இருக்கும், நல்ல ஆகிருதி. காலை ரயிலைத் தவறவிட்டு ஓடி வந்திருக்கிறார். முதல் ஆளாக ஏறிப் பின் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்து என்னிடமே வந்தார்.

“கண்டக்டர் அண்ணே, பன்னெண்டு மணிக்குள்ள வேலூர் போய்டுமா?”

“போய்டும் பாய், குந்துங்க.”

“என் வூட்டுக்காரி ஆஸ்பத்திரில இருக்கா. தலைச்சன் பிரசவம். வயித்தக் கிழிச்சுதான் எடுக்கணுமாம், நான் வந்து கைநாட்டு வெச்சாதான் செய்வாங்களாம். பன்னெண்டுக்கு மேல தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பிகிறாங்க.”

“அட, பதினொன்னரைக்கே போய்டும், பேஜாராவாதீங்க.”

நான் சொன்னது பொய்யில்லை, வண்டி சரியாகப் போனால் பதினொன்றரைக்குப் போய்விடும். ஆனால் கிளம்பும்போது இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். மாதனூரில் ஒரு தோல் மண்டிக்காரர் கை காட்டினார், முதலாளிக்கு வேண்டியவர், அவரை ஏற்றாமல் போக முடியுமா? இருபத்து மூன்று. சாவடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். நான்கு இளவட்டங்களைக் கை காட்டினேன், இறங்கினார்கள். இன்னும் ஒருவர் இறங்க வேண்டும். கடைசியாக ஏறிய மண்டிக்காரர்தான் நியாயமாக இறங்க வேண்டியவர், அவரோ வெற்றிலை மென்றுகொண்டு வெளியே பார்த்தார். நான் யூசுப்பைக் கை காட்டினேன்.

“நானா? நான்தானே அண்ணே மொதல்ல ஏறினேன்?”

“சின்ன வயசுக்காரங்க நீங்கதான் பாய். அரை மைலு, ரெண்டு எட்டு வெச்சா வந்துடும்.”

“நிப்பீங்க இல்ல?”

“நிக்காம? அந்த மைல்கல்லாண்ட நிப்பேன், ஜல்தி போங்க.”

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஓடினார், மற்ற நான்கு பேர் நடந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, மறைக்க மாட்டேன்.

சாவடியில் இன்ஸ்பெக்டர் நின்றார். எண்ணினார். பதினெட்டு. சரி, விடுவார் என்று பார்த்தால், அவருடைய மோட்டார் சைக்கிள் கெட்டுக் கிடந்ததாம், “நானும் வேலூர் வரேன்” என்று சொல்லி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இனி அந்த ஐந்து பேரை எப்படி ஏற்றுவது? டிரைவர் ஆரோக்கியம் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வண்டியை மெதுவாகத்தான் எடுத்தார் பாவம்.

மைல்கல் வந்தது. முதலில் வந்து நின்றது யூசுப்தான், இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு. அந்த நான்கு பேரும் அப்போதுதான் பாதையை விட்டு ரோட்டில் ஏறினார்கள். ஆரோக்கியம் அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

“ஏன் ஸ்லோ பண்றே? யார் அவங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

வண்டியை நிறுத்துவதும் விடுவதும் கண்டக்டர் குரலில்தானே இருக்கிறது, டிரைவர் என் குரலுக்காகக் காத்திருந்தார். ஒரு நிமிஷம்கூட இல்லை சார், நான்கு மூச்சு விடுகிற நேரம். நான் “ரைட், போ” என்றேன்.

பின்பக்கத்துப் படுதாவை விலக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் ஓடி வந்துகொண்டிருந்தார். செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. முழங்கால் வரை சுண்ணாம்பு வெள்ளையாக அப்பியிருந்தது, என்னவோ கத்துகிறார், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ரோடு திரும்புகிற வரைக்கும் ஓடினார். அப்புறம் புழுதிதான்.

இனிமேல்தான் நீங்கள் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். பொய்கை ஊர் நெருங்கும்போது, சும்மா நிற்க முடியாமல் ஆட்களை எண்ணினேன். இன்ஸ்பெக்டரைச் சேர்க்காமலே பத்தொன்பது வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று முன்னாலிருந்து மறுபடி எண்ணினேன். இந்த வேலையில் நான் தலை எண்ணித் தவறியதே இல்லை, தூக்கத்தில் எழுப்பி எண்ணச் சொன்னாலும் எண்ணுவேன். மறுபடியும் பத்தொன்பது. பத்தொன்பதாவது ஆள் பின் பெஞ்சின் ஓரத்தில், காலையில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். யூசுப்.

அப்போது எனக்குப் பேய் பயமெல்லாம் வரவில்லை சார், சத்தியமாகச் சொல்கிறேன். பின்னால் இருக்கிற ஏணியைப் பிடித்துத் தொற்றி ஏறி வந்துவிட்டார் போலிருக்கிறது, பலே ஆள், என்றுதான் நினைத்தேன். அடுத்த கணமே இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்தது. கிட்டே போய்க் குனிந்து, “பாய், வேலூர்ல எறங்கறப்போ கூட்டத்தோட கூட்டமா எறங்கிப் போய்டுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த மண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “இன்னா, யாராண்ட பேசற?” என்றார். வயசானவர், கண் மந்தம் என்று விட்டுவிட்டேன்.

யூசுப் காலடியில் பலகையெல்லாம் ஈரமாக, வெள்ளையாக இருந்தது. இன்னொன்று. அவ்வளவு தூரம் ஓடி வந்தவருக்கு மூச்சு இரைக்கவில்லை. மார்பு ஏறி இறங்கவே இல்லை. அதையும் பார்த்தேன், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

வேலூரில் நான் பயந்ததுதான் நடந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் குதித்து இறங்கி, படியோரம் நின்றுகொண்டு, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். யூசுப் ஒரு கிழவிக்குப் பின்னால் இறங்கினார், அவருக்கு முன்னால் எட்டு, அவர் ஒன்பது என்று நான் மனசுக்குள் எண்ணினேன். இன்ஸ்பெக்டர் விரல் அவர்மேல் நிற்கவில்லை, கிழவியிலிருந்து அடுத்த ஆளுக்குத் தாவியது. கடைசி ஆளும் இறங்கினதும், “பதினெட்டு. எப்பவும் இப்படியே இரு” என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். யூசுப் ஆஸ்பத்திரித் தெருப்பக்கம் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். மணி பதினொன்றே முக்கால். போய்ச் சேர்ந்துவிட்டார், நாமும் தப்பித்தோம் என்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. இரண்டு டீ குடித்தேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். மைல்கல் அருகே கூட்டம். அந்த நான்கு பேரில் ஒருவன் ரோட்டின் நடுவில் வந்து நின்று வண்டியை மறித்தான்.

“யோவ் கண்டக்டர், நீயெல்லாம் மனுசனாய்யா? கூவிக்கினே ஓடினாரே, திரும்பிப் பாத்தியே, நிறுத்தினியா?”

“அதான் ஏறிட்டாரேப்பா, வேலூர்ல எறங்கினாரே!”

“யாரு எறங்கினது? இன்னா ஒளர்ற? அந்தத் திருப்பத்துல நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்தாரு. நீ போன கையோட உயிர் போய்டுச்சு.”

வேப்பமரத்து நிழலில் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். நான் விலக்கிப் பார்த்தேன். யூசுப்தான். முழங்கால் வரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆரோக்கியம் அண்ணன் வண்டியில் இருந்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரையும் இறங்கச் சொன்னார், ஒருவர்கூட மறுக்கவில்லை. யூசுப்பைப் பின் பெஞ்சில் படுக்க வைத்து ஆம்பூருக்குக் கொண்டுபோனோம். நான் வழியெல்லாம் அழுதேன். அவர் வேலூரில் இறங்கியதைப் பார்த்தீர்களா என்று டிரைவரைக் கேட்டேன். “நான் ரோட்டப் பாத்து ஓட்றவன்டா” என்றார்.

அந்தப் பெண்ணும் போயிருப்பாள், குழந்தையும் போயிருக்கும், மூன்று உயிர் நம் தலையில் என்று நினைத்து நினைத்து நான் பாதி ஆளாகிவிட்டேன். போய் விசாரிக்கத் தைரியம் இல்லை.

எட்டு ஒன்பது மாதம் கழித்து ஒரு நாள் பகலில், வேலூரில் வண்டி கிளம்பப்போகும் நேரம், கறுப்புத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து படியில் நின்றாள். ஏறாமல் என் பேட்ஜையே பார்த்தாள்.

“அண்ணா, ஒம்போது மணி வண்டில வருவாரே கண்டக்டரு, நீங்கதானா? நான் யூசுப் வூட்டுக்காரி.”

தலையை ஆட்டினேன்.

“அன்னிக்கி அவர் பன்னெண்டு மணிக்கு வந்து கைநாட்டு வெச்சார்ண்ணா. அதாலதான் இது பொழச்சுது, நானும் பொழச்சேன். காலு பூரா சுண்ணாம்பு, நர்ஸம்மா கூட திட்டினாங்க. தண்ணி குடுத்தேன், வேணான்னுட்டார். திரும்பி ஊருக்கு வர்றப்போதான் வழில மவுத்தாயிட்டார்.”

திரும்பி வரும்போது செத்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

“உங்களப் பத்திதான் பேசினார். கண்டக்டர் அண்ணன் எனக்கு எடம் குடுத்து குந்தவெச்சு கூட்டிக்கினு வந்தார், இல்லேன்னா வந்திருக்க மாட்டேன், அவருக்கு துவா செய்யின்னு சொன்னார். நான் அஞ்சு வேளை தொழுகைலயும் கேக்கறேன். பேரு தெரியாம கண்டக்டர் அண்ணன்னே கேக்கறேன். உங்க பேரு இன்னாண்ணா?”

இல்லம்மா, இடத்தைப் பிடுங்கியவன் நான், நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பேரைத்தான் சொன்னேன். அவள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

செத்தவர் வந்து என் வண்டியில் உட்கார்ந்ததைக்கூட நான் எப்படியோ ஜீரணித்துவிட்டேன் சார். ஏன் அப்படி ஒரு பொய் சொன்னார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. என்னை மன்னித்துச் சொன்னாரா, ஆயுசுக்கும் உறுத்தட்டும் என்று வேண்டுமென்றே சொன்னாரா? இப்போதும் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடிவதில்லை, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு வீட்டில் அந்தப் பெண் என் பேரைச் சொல்கிற நேரம் அது.