தெர்மாகோலில் மாமாவின் பெயர்

மாமா வேலை முடிந்து வருவது எங்களுக்கு முதலில் மூக்கில்தான் தெரியும். தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி அவர் வாசலுக்கு வருவதற்குள் ஒரு வாசனை வந்துவிடும். பெட்ரோலின் வாசனை போன்றது, ஆனால் அதைவிடக் கொஞ்சம் இனிப்பானது. எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.

அவர் என் அம்மாவின் தம்பி. கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பெயிண்ட் கம்பெனியில் இருந்தார். கம்பெனிக்குப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். பெயிண்ட் கலக்கும் தொட்டி காலியானதும் உள்ளே இறங்கி, தின்னரில் நனைத்த பழந்துணியால் துடைப்பது அவர் வேலை. ஒரு நிறத்தின் மிச்சம் அடுத்த நிறத்தில் கலந்துவிடக் கூடாது. வெளியே வந்ததும் அதே தின்னரை உள்ளங்கையில் ஊற்றி முழங்கை வரை கழுவிக்கொள்வார். சோப்புப் போட்டுத் தேய்த்தால் அரை மணி நேரம் ஆகும், இது அரை நிமிடத்தில் போக்கிவிடும் என்று பெருமையாகச் சொல்வார். கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் கை கழுவினார்கள்.

ஒரு பழைய குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவருவார். பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை, கண்ணாடியில் ஸ்டிக்கர் பசை, எல்லாவற்றுக்கும் அதுதான். தெருப் பெண்கள் சின்னக் கிண்ணத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். அம்மா அந்த பாட்டிலை பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த உபயோகம் வேறு. டிவி வாங்கிய அட்டைப்பெட்டியில் வந்த தெர்மாகோலில் ஒரு துண்டை உடைத்து மாமா எவர்சில்வர் தட்டில் வைப்பார். அதன்மேல் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விடுவார். தெர்மாகோல் குழிந்து, சுருங்கி, கடைசியில் தட்டில் கோந்து மாதிரி ஒரு துளிதான் கிடக்கும். மாமா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். எங்கே போனது என்று கேட்டால், பாட்டில் பசியாக இருந்தது, தின்றுவிட்டது என்பார்.

அந்த வருடம் மாமா வெளுக்கத் தொடங்கினார்.

அதற்கு முன் இரண்டு பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பையன் கறுப்பு என்று யார் மூலமாகவோ சொல்லியனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. எனவே தம்பியின் முகம் மாதாமாதம் வெளுத்ததை வீட்டில் எல்லோரும் கவனித்தார்கள், எல்லோரும் மகிழ்ந்தார்கள். வெயிலில் அலையாமல் கூரைக்குக் கீழே வேலை செய்வதால் வந்த நிறம் என்றார் அப்பா. கல்யாணக் களை என்றார் பெரியம்மா. சிதம்பரத்திலிருந்து வந்த மூன்றாவது பெண் வீட்டாரில் ஒரு அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றியபடி சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மாப்ள போட்டோவுல இருக்கறத விட நேர்ல நல்ல கலரா இருக்காரு."

அந்தச் சம்பந்தம் முடிவானது.

மாமா மாடிக்குப் போகும்போது பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். பல் தேய்த்துத் துப்பும்போது நுரை சிவப்பாக இருந்தது. புது பிரஷ் ஜாஸ்தி கடினம் என்றார். ஒருநாள் அவர் சட்டை மாற்றும்போது தோளுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் இரண்டு திட்டுகளைப் பார்த்தேன். எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட சொல்லாத பாப்பா. நிச்சயம் முடியட்டும், அப்பறம் டாக்டர்கிட்ட போறேன். இப்ப சொன்னா அவுங்க காதுக்குப் போயிடும்."

நான் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றும் அளவுக்குப் பெரியவளாகிவிட்டேன் என்று எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

நிச்சயதார்த்தம் சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மேடையின் பின்சுவரில் வெல்வெட் துணி கட்டி, இருவர் பெயர்களையும் தெர்மாகோல் எழுத்துகளில் வெட்டி, ஜிகினாத் தூள் தூவி ஒட்டியிருந்தார்கள். பெண்ணின் தம்பிக்கு என் வயது. அவன் எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு, எங்க அக்கா பேர்தான் பெரிசு, உங்க மாமா பேர் குட்டை என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மாமா தெர்மாகோலையே மாயமாக்குவார் என்றேன். புளுகு என்றான்.

அம்மாவின் பையில் அந்த பாட்டில் இருந்தது. பந்தியில் புடவையில் எண்ணெய் பட்டால் உடனே துடைக்க வேண்டும் என்று எடுத்து வந்திருந்தார். எல்லோரும் தட்டு வரிசையில் மும்முரமாக இருந்தபோது நான் பாட்டிலோடு மேடை நாற்காலியில் ஏறினேன். மாமாவின் பெயர்தான் என் கைக்கு எட்டியது. முதல் எழுத்தில் ஊற்றினேன். அது அடுத்த எழுத்துக்கும் வழிந்தது.

லக்னப் பத்திரிகை வாசிக்க மாமாவை மேடைக்கு அழைத்தபோது அவர் பெயரில் பாதி இல்லை. வெல்வெட் துணியில் ஜிகினா ஒட்டிய பசை இரண்டு கோடாக வடிந்துகொண்டிருந்தது. அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் சகுனம் என்று ஏதோ தொடங்கினார். மாமா சிரித்துக்கொண்டே பெண்ணின் அப்பாவிடம் சொன்னார்.

"பேரு போனா இன்னா மாமா? ஆளு இங்கதான நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நிச்சயம் நடந்தது.

ஆள் அதற்குப் பிறகு அதிக நாள் நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த வாரம் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறவில்லை என்று அங்கே சொன்னார்களாம். ரத்தம் ஏற்றினார்கள், மறுபடி ஏற்றினார்கள். கல்யாணத்துக்குக் குறித்திருந்த தேதி அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வந்து போனது. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

இழவு வீட்டில் பெரியம்மா அழுதபடி சொன்னார், அன்றைக்கே பேர் கரைந்துவிட்டது என்று. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அங்கிருந்தவர்களும் பார்த்தார்கள். மாமாவைக் கொன்றது நான்தான் என்று எனக்குப் புரிந்தது. பல வருடங்கள் அப்படியே புரிந்திருந்தது. யாரிடமும் கேட்டதில்லை.

பின்னால் செய்தியாளராகி, புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் போய், ஹைட்ரோகார்பன் திட்டம் வேண்டாம் என்று வயலில் நின்று பேசியவர்களைப் பற்றி எழுதினேன். பலமுறை எழுதிய சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு வேதியியல் ஆசிரியரைக் கேட்டேன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தது, சமையல் காஸ், பெட்ரோல், மெழுகு எல்லாம் அந்தக் குடும்பம் என்றார். ஒரு தாளில் அறுகோணம் போட்டு, இது பென்சீன், இனிப்பான வாசனை, தின்னரில் கலந்திருக்கும், தெர்மாகோலைக் கரைக்கும் என்றார். மூச்சிலும் தோலிலும் வருடக்கணக்கில் உள்ளே போனால் மஜ்ஜையைக் கெடுக்கும். முதலில் ஆள் வெளுப்பார், அப்புறம் காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள் வரும். அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

எங்கள் வீட்டு பாட்டிலில் இருந்ததை யாரும் பரிசோதித்ததில்லை. அம்மா வைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் பெயிண்ட் கம்பெனி என்று இருக்கிறது. அதற்கு மேல் உறுதியாக எழுத என்னிடம் எதுவும் இல்லை.

கருமாதியன்று காலையில் ஸ்டூடியோவிலிருந்து மாமாவின் படம் சட்டம் போட்டு வந்தது. போட்டோவில் அவர் பழைய கறுப்பில் இருந்தார். கண்ணாடியின் மூலையில் கடைக்காரர் ஒட்டிய லேபிள் கிழித்தும் பசை போகவில்லை. அம்மா பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்தார். பஞ்சில் நனைத்து மூலையைத் துடைத்தார். கூடம் முழுக்க அந்த வாசனை வந்தது.

"மாமா வாசன வருதும்மா" என்றேன்.

பெரியம்மா சொன்னதற்குப் பிறகு அம்மா என்னிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. இப்போது என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பஞ்சைத் தன் மூக்கருகே பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். மாமா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நான் மூச்சை ஆழமாக இழுத்தேன்.