எல்கடுவையிலிருந்து நாலந்தா வரை: இறங்க இறங்க நீளும் பாம்புகள்

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை, பத்து மாத மகள் மீனாவோடு, மாத்தளை மலையில் இருக்கும் எல்கடுவையிலிருந்து கீழ்நாட்டு ஊரான நாலந்தாவுக்குக் காரில் போனேன். அரசாங்க வேலையில் இருக்கும் என் கணவருக்கு அங்கே மாற்றமாகி, வீடும் கிடைத்திருந்தது. நானும் குழந்தையும் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா வீட்டில் இருந்தோம். வீட்டைப் பார்த்துவிட்டு, குடிவருவதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லத்தான் கிளம்பினேன். காரணம் பாம்பு.

சிரிக்காதீர்கள், விலங்கியல் படித்தவள் நான். குளிர்ந்த மலைகளில் பாம்புகள் பெரும்பாலும் சிறியவை. மண்ணுக்குள் ஒளிந்து வாழும் சில இனங்கள் இரண்டொரு மலைகளைத் தாண்டி வேறெங்கும் கிடையாது. சூடான சமவெளிக்கு இறங்க இறங்க உடலும் நீளும், வாழும் எல்லையும் விரியும். மலைப்பாம்பும் நாகமும் இங்கிருந்து இந்தியா வரை பரவிக் கிடக்கின்றன. விதிவிலக்கு உண்டு என்றும் படித்தேன்தான். ஆனால் தவழும் பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு விதிவிலக்கெல்லாம் எங்கே நினைவிருக்கும்?

காலை ஏழு மணிக்கு, வாடகைக்குக் கார் ஓட்டும் மஜீத் நானாவின் பழைய மொரிஸ் வந்தது. போய்வர வாடகை நாற்பது ரூபாய். தேயிலைச் செடிகள் மேல் முதல்நாள் விரித்துப் போட்டிருந்த குழந்தைத் துணிகளைப் பனி ஈரத்தோடு அவசரமாக அள்ளி மூட்டை கட்டினேன். தோட்டத்தில் எல்லோரும் துணி காயப்போடுவது அப்படித்தான். மூட்டையைப் பின் இருக்கையில் வைத்து, மேலே காய்ந்த துண்டொன்றை விரித்து, அதில் தலைவைத்து மீனாவைப் படுக்க வைத்து அருகில் உட்கார்ந்தேன்.

உக்குவளைக்கு இறங்குவது வளைவுக்கு வளைவு. அங்கே வயலோரத்தில் ஒரு சாரை, என் உயரத்துக்கு மேல் இருக்கும், பாதையைக் கடந்தது. படுத்திருந்த குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டேன்.

"இதுக்கே இப்படின்னா எப்படி தங்கச்சி? நாலந்தா பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே ஒண்ணு படுத்துக் கெடந்திச்சி. மரம் விழுந்திருக்குன்னு ஹோர்ன் அடிச்சேன்."

"மரத்துக்கு யாராச்சும் ஹோர்ன் அடிப்பாங்களா நானா?"

"அடிச்சதும் போச்சே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்தளையில் தேநீர், பலாபத்வலையில் குழந்தைக்குப் பால். அதற்குப் பிறகு வெயில் ஏறியது. மாத்தளையிலிருந்து பதினைந்து மைல் வந்து நாலந்தாவில் இறங்கியபோது கார்த் தகரம் சுட்டது.

என் கணவர் வாசலில் நின்றார். வீட்டைச் சுற்றியிருந்த பற்றைச் செடிகளை வெட்டி, வெறும் மணலாகக் கூட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்தும் நான் மனம் மாறவில்லை. மீனாவுக்குத் துணி மாற்ற மூட்டையைத் தரையில் பிரித்தேன். கடைசி மடிப்பிலிருந்து, ஒரு சாண் நீளம்கூட இல்லாத, காய்ந்த இலை நிறத்தில் ஒன்று நழுவி விழுந்து சுருண்டது. முக்கோணத் தலை. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது.

"குணகட்டுவா! புள்ளயத் தூக்குங்க!" என்று மஜீத் நானா கத்தினார். கணவர் மீனாவை வாரித் தூக்க, நானா காரிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்து அடித்தார்.

சிங்களத்தில் குணகட்டுவா என்பது குழிவிரியன். மலைக்காட்டில் அதிகம் காணப்படுகிற விஷப்பாம்பு. மலைக் குளிரில் மரத்துக் கிடந்தது, கீழ்நாட்டுச் சூட்டில் விழித்திருக்கிறது. இரண்டரை மணி நேரப் பயணத்தில் பெரும்பாகம் என் மகளின் தலை அதன் மேல் இருந்தது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதிர்ச்சி தெளிந்ததும் கணவர், "பெரிய பாம்புக்குப் பயந்தவ, சின்னத மடியிலயே கட்டிக்கிட்டு வந்திருக்கியே" என்றார்.

"பேசாம இருங்க" என்றேன். பிறகு அழுதேன்.

குழந்தையோடு இந்தப் பாதையில் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்புங்கள், பலாபத்வலைக்கு வடக்கே வெயில் பொறுக்காது. செடியில் காய்ந்த துணியை ஒவ்வொன்றாக உதறாமல் மடிக்காதீர்கள். பாம்பின் அளவைப் பார்த்து ஆபத்தை அளக்காதீர்கள். நான் படித்தது பொய்யில்லை. அது பாம்புகளின் நீளத்தைத்தான் சொன்னது. பிள்ளையை எங்கே வளர்ப்பது என்று அது சொல்லவில்லை.

நாங்கள் திரும்பும்போது கணவர் காருக்குள் குனிந்து, "என்ன முடிவு?" என்று கேட்டார்.

"அடுத்த ஞாயிறு லொறி அனுப்புங்க. எங்க இருந்தாலும் பயப்படத்தான் போறேன். உங்க பக்கத்துல இருந்தே பயந்துக்கிறேன்."